உயரம் குறைவு என்றால் மூளை வளர்ச்சியும் குறைவா?

கேட்கப்பட்டது இதுதான். ஆண் குழந்தை, இரண்டு வயது இப்போதுதான் நிறைந்திருக்கிறது, உயரம் 81.4 செ.மீ. பரிசோதனைக்குப் போன இடத்தில் 'குன்றிய வளர்ச்சி' என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாய் மூன்று விஷயம் கேட்கிறார். மூளையும் இதே மாதிரி குன்றிப்போயிருக்குமா? கருவுற்றதிலிருந்து இரண்டு வயது வரையான முதல் 1000 நாள்தான் எல்லாம் என்கிறார்கள், அது முடிந்துவிட்டதே, இனி என்ன செய்வது? உயரம் கூடுவதற்கு ஏதாவது பவுடர் கொடுக்கலாமா?

முதல் கேள்விக்கு உடனே சொல்லிவிடலாம். 81.4 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தனிக் குழந்தையின் மூளையைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த எண் எதனால் வந்தது என்பதைப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

அதற்கு முன் அந்த எண்ணையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, வயதுக்கு உரிய நடு உயரத்திலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (நடு அளவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சொல்லும் புள்ளிவிவர அலகு) கீழே இருந்தால் குன்றிய வளர்ச்சி. மூன்றுக்கும் கீழே போனால் தீவிரமானது. அட்டையில் பச்சைக் கோடு நடு உயரம், சிவப்புக் கோடு இரண்டு விலக்கம், கறுப்புக் கோடு மூன்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து அளப்பார்கள், இரண்டு வயதானபின் நிற்க வைத்து அளப்பார்கள். நின்றால் எல்லாருக்கும் உயரம் கொஞ்சம் குறையும். அந்த வித்தியாசத்தை 0.7 செ.மீ. என்று கணக்கில் வைத்திருக்கிறார்கள். சரியாக 24 மாதமான ஆண் குழந்தைக்குச் சிவப்புக் கோடு படுத்த நிலையில் 81.7 செ.மீ., நின்ற நிலையில் 81.0 செ.மீ. உங்கள் மகனின் 81.4 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. படுக்க வைத்து அளந்திருந்தால் கோட்டுக்குக் கீழே, நிற்க வைத்து அளந்திருந்தால் மேலே. அட்டையில் எழுதியவர் எந்த நிலையில் அளந்தார், எந்தக் கோட்டோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள்.

அளப்பதும் சொல்லுமளவு சுலபமில்லை. படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சந்தலை பலகையில் ஒட்டும்படி வைக்க வேண்டும். மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி நீட்டி, நகரும் பலகையைக் குதிகாலோடு சேர்த்து, பாதம் செங்குத்தாக இருக்கும்போது மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டு காலை மடக்கும். தனி ஆளாக, டேப்பைப் பிடித்து அளந்த அளவு ஒரு செ.மீ. வரை தவறுவது சர்வசாதாரணம். வயதை 'ரெண்டு வயசு' என்று தோராயமாகப் போட்டாலும் தவறும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு வயது போட வேண்டும்; இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கு.

இன்னொன்று. அந்தக் கோடே புள்ளிவிவரக் கோடு. எந்தக் குறையும் இல்லாமல் வளரும் 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் இயல்பாகவே அதற்குக் கீழே இருப்பார்கள். ஒரு ஊரிலோ ஒரு நாட்டிலோ 30 சதவீதம் பேர் கீழே இருந்தால் அங்கே ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஒரே ஒரு குழந்தை கீழே இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பெற்றோர் உயரம், பிறந்தபோது எடை, இதற்கு முன் எடுத்த அளவுகள் எல்லாம் வேண்டும். பிறந்ததிலிருந்து கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே, ஆனால் கோட்டோடு ஒட்டியே ஏறிவரும் குழந்தை ஒரு வகை. ஆறு மாதத்தில் பச்சைக் கோட்டில் இருந்து, ஒரு வயதில் இறங்கி, இரண்டு வயதில் சிவப்பைத் தொட்ட குழந்தை வேறு வகை. கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

'எங்க பரம்பரையே குள்ளம்தான்' என்று சொல்லி விட்டுவிடுவதும் உண்டு. பாதி உண்மை. தாய் தந்தையே தங்கள் சிறுவயதில் சரியாகச் சாப்பிடக் கிடைக்காமல் குன்றியவர்களாக இருக்கலாம், அப்போது அது மரபு ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் இந்த அளவுகோலை வெளியிடும் முன், 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. ஆறு நாட்டிலும் ஐந்து வயது வரை வளர்ச்சி ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. அந்த வயதில் இனத்தைவிடச் சூழலுக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

சரி, மறுபடி அளந்தும் கீழேதான் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்குள் என்ன நடந்திருக்கும்?

மனிதன் வாழ்நாளில் இரண்டு வயதுக்குள் வளரும் வேகத்தில் பிறகு ஒருபோதும் வளர்வதில்லை. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ., முதல் வருடம் 25 செ.மீ., இரண்டாம் வருடம் 12 செ.மீ. எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு இதற்கு இடைவிடாமல் செல்களைப் பெருக்க வேண்டும். புரதத்தில் உள்ள அத்தியாவசிய அமினோ அமிலங்கள் குறைந்தால் அந்த வேலை மெதுவாகும். மலாவியில் குன்றிய குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது இந்த அமிலங்கள் குறைவாகவே இருந்தன. அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், உடம்பு கிருமியோடு போராடும்போது வளர்ச்சி ஹார்மோனின் கையாளான ஐ.ஜி.எஃப்.-1 குறைந்துவிடுகிறது. வெளியே நோய் தெரியாமலே, அழுக்கான சூழலில் தினமும் உள்ளே போகும் கிருமிகளால் குடலின் உட்சுவர் தேய்ந்து, சாப்பிட்டது சரியாக உறிஞ்சப்படாமல் போவதும் உண்டு. இதெல்லாம் பிறந்தபின். தாய்க்கு இரத்தசோகை, சத்துக்குறைவு, அடுத்தடுத்த பிரசவம் என்றிருந்தால் கருவிலேயே தொடங்கிவிடும்.

இதே மாதங்களில்தான் மூளையும் அவசரமாக வளர்கிறது. இரண்டு வயது முடிவதற்குள் பெரியவர்களின் மூளை எடையில் முக்கால்வாசிக்கு மேல் வந்துவிடும். பச்சைக் குழந்தை சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. இரும்புச்சத்து இல்லாவிட்டால் நரம்பிழைகளின் மேலுறையான மயலின் சரியாகப் படியாது. தாய்க்கு அயோடின் இல்லாவிட்டால் தைராய்டு ஹார்மோன் குறைந்து கருவின் மூளை அடிபடும். உயரத்தைக் குறைக்கும் காரணங்களில் பல மூளையையும் தொடுகின்றன. அதனால்தான் குன்றிய குழந்தைகளைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் பள்ளிப் படிப்பில் சராசரியாகப் பின்தங்கியிருக்கிறார்கள்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். உயரம் குறைந்ததால் மூளை குறைந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் பொது, அவ்வளவுதான். உயரக் குறைவு புகை மாதிரி. எங்கோ எரிகிறது என்று காட்டும். புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணையாது. உயரத்தை மட்டும் குறிவைத்து எதையாவது கொடுத்து இரண்டு செ.மீ. ஏற்றினால் மூளைக்கு அதனால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். உயரம் ஏறாமலேயே மூளை நன்றாக வளரவும் முடியும். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் ஏழை வீடுகளிலிருந்து 9 முதல் 24 மாதம் வரையான 129 குன்றிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால் கலவை. இன்னொரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து விளையாட்டு. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதற்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும். இரண்டு வருடம் நடந்தது. அந்த விளையாட்டில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. வேண்டாமென்று போட்ட பாட்டில், மூடி, மரத்துண்டு, கையால் வரைந்த படம் என்று சாமான்கள். பணியாளர் குழந்தையோடு விளையாடுவார். ஆனால் அவர் குறி தாயின்மேல். குழந்தை கட்டையைக் கட்டையின் மேல் வைக்கும்போது என்ன சொல்வது, விழுந்தால் எப்படி மறுபடி வைக்கத் தூண்டுவது, குழந்தை எழுப்பும் சத்தத்துக்கு எப்படிப் பதில் பேசுவது என்று செய்து காட்டி, தாயைச் செய்யச் சொல்லி, நன்றாகச் செய்தால் பாராட்டிவிட்டு, சாமான்களை அடுத்த வாரம் வரை வீட்டிலேயே விட்டுப் போவார்.

இரண்டு வருட முடிவில் பால் கலவை, விளையாட்டு இரண்டாலும் பலன் இருந்தது. இரண்டும் சேர்ந்த குழு, குன்றாத குழந்தைகளை ஏறக்குறைய எட்டிப் பிடித்திருந்தது. அப்புறம்தான் விஷயமே. அந்தக் குழந்தைகள் வளர வளர, உணவு மட்டும் பெற்றவர்களின் லாபம் கரைந்துவிட்டது. விளையாட்டு பெற்றவர்களின் லாபம் நின்றது. 22 வயதில் அவர்களின் சம்பளம் மற்ற குன்றியவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். 31 வயதில் ஒரு மணி நேரக் கூலி 43 சதவீதம் கூடுதல். விளையாட்டால் அவர்கள் உயரம் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். குன்றியவர்களாகவே வளர்ந்து, நன்றாகப் படித்து, நன்றாகச் சம்பாதித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு உணவு முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கவுதமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்தது வேறு கதை. இரண்டு கிராமத்தில் புரதம் நிறைந்த கஞ்சி, மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். குன்றியவர், குன்றாதவர் என்று பார்க்காமல் எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கும்படி வைத்தார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை புரதக் கஞ்சி கிடைத்த ஆண்களின் கூலி, பெரியவர்களானபின் சராசரியாக 46 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே கஞ்சி மூன்று வயதுக்குப் பிறகு கிடைத்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. குன்றும் முன்னே கொடுத்தால் உணவு பெரிய வேலை செய்கிறது. குன்றியபின் உணவு மட்டும் போதவில்லை. உங்கள் மகன் இருப்பது இரண்டாவது நிலையில், ஆகவே ஜமைக்காதான் உங்களுக்கு நெருக்கமான பாடம்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் கைவிடப்பட்டு விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000இல் தொடங்கிய ஆய்வில், விடுதிகளில் கிடந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். விடுதியில் சோறில்லாமல் இல்லை. தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் ஏறியதோடு, உயரமும் எடையும்கூட ஏறின. கவனிக்க ஆளில்லாவிட்டால் எலும்பும் வளராது என்பதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது 1000 நாள். 270 நாள் கர்ப்பம், இரண்டு வருடம் 730 நாள், கூட்டினால் 1000. உயரத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி: இறக்கம் நடப்பது அதற்குள்தான், இழந்த செ.மீ. முழுவதையும் பிறகு மீட்பது கடினம். ஆனால் 1001ஆம் நாள் காலையில் மூளைக்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை. பார்வைக்கும் கேட்புக்குமான பகுதிகள் முதலில் பக்குவமாகின்றன. மொழி தொடர்ந்து பல வருடம் ஓடுகிறது. யோசித்து நிதானிக்கும் முன்மூளை இருபது வயதுக்கு மேலும் வேலை நடக்கிற இடம். அரசாங்கங்கள் காசை எங்கே முதலில் போட வேண்டும் என்று சொல்ல 1000 நாள் என்ற முழக்கம் உதவியது. அதைத் தனித் தாயின் தலையில் தீர்ப்பாகத் தூக்கிவைப்பது அநியாயம். புக்கரெஸ்டில் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் கூடுதல்தான். பிந்திப் போனவர்களுக்கும் பலன் இருந்தது.

மூன்றாவது கேள்வி, பவுடர். உயரமாக்கும் என்று சொல்லி விற்கும் பவுடர்களில் பலவற்றில் சர்க்கரைதான் தாராளம். அதைக் குடித்த குழந்தைக்கு அடுத்த வேளை பசிக்காது. எடை மட்டும் ஏறி உயரம் ஏறாவிட்டால் அதிலும் வில்லங்கம் இருக்கிறது. பிரேசில், கவுதமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என ஐந்து நாட்டு நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், முதல் இரண்டு வருடத்தில் நீளமாக வளர்ந்தவர்கள் அதிகம் படித்திருந்தார்கள். பின்னாளில் உயரத்துக்கு மேல் எடை மட்டும் ஏறியவர்களுக்கு இரத்த அழுத்தமும் உடல் பருமனும் கூடியிருந்தன. கோட்டுக்குக் கீழே இருக்கிறானே என்று கொழுப்பையும் இனிப்பையும் திணிக்காதீர்கள். மருத்துவர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கும் சத்துக் கலவை வேறு விஷயம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்றால், தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பால் பொருள், மீன் அல்லது இறைச்சி, முட்டை, மஞ்சள் அல்லது கரும்பச்சை நிறக் காய்பழம், மற்ற காய்பழம் என்று எட்டு வகை. ஒரு நாளில் குறைந்தது ஐந்து வகை உள்ளே போக வேண்டும் என்பது ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை பன்னாட்டு அளவுகோல். தாய்ப்பாலை இரண்டு வயதோடு நிறுத்திவிட வேண்டும் என்றில்லை. இரண்டு வயதுக்குப் பிறகும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டால் தவறில்லை. அளவைவிட அடர்த்தியைப் பாருங்கள். சின்னக் குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம்தான் பிடிக்கும். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 300 கிராம். அதில் தண்ணீராகக் கரைத்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாத பதம் வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு முறை சிற்றுணவு. காய்ச்சல் வந்துபோன வாரத்தில் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக; பலர் அப்போதுதான் பத்தியம் என்று குறைத்துவிடுகிறார்கள்.

ஊட்டும் விதமும் கணக்கில் வரும். குழந்தை முகத்தைத் திருப்பினால் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, கண்ணைப் பார்த்துப் பேசி மறுபடி கொடுங்கள். கையைப் பிடித்து வாயில் திணிப்பது, செல்போனைக் காட்டி ஏமாற்றி உள்ளே தள்ளுவது இரண்டும் வேண்டாம். சாப்பாட்டு நேரம்தான் ஒரு நாளில் தாயும் பிள்ளையும் முகத்துக்கு முகம் இருக்கும் நீண்ட நேரம். அதைத் திரைக்குத் தாரை வார்ப்பது நஷ்டம்.

தண்ணீர், கழிப்பறை, கைகழுவுதல் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இவற்றைச் சரிசெய்தாலே குன்றல் குறையும் என்று பலரும் நம்பினார்கள். பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வேயில் பெரிய ஆய்வுகள் நடந்தன. சாதாரணக் கழிப்பறை, சோப்பு, குளோரின் போன்ற ஏற்பாடுகளால் உயரம் கூடவில்லை. உணவுத் துணைப்பொருளால் சிறிதளவு கூடியது. அழுக்கு பரவாயில்லை என்று பொருளில்லை. அந்த அளவு சுத்தம் போதவில்லை, வீடு மட்டுமில்லாமல் சுற்றுப்புறமே மாற வேண்டும் என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது இனி விளங்கும். தினமும் பேசுங்கள், அவன் காட்டும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள், அவன் 'பா' என்றால் நீங்களும் ஏதாவது பதில் சொல்லிவிட்டு அவன் முறைக்குக் காத்திருங்கள். மூடியைத் திறந்து மூட, பெட்டிக்குள் போட்டு எடுக்க, அடுக்கித் தள்ளிவிட விடுங்கள். தந்தைக்கும் இதில் பங்குண்டு. தாய் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல், அழுகை அழுகையாக வருகிற நிலையில் இருந்தால் அதற்கு முதலில் உதவி தேடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குழந்தையின் உணவையும் பேச்சையும் சேர்த்தே குறைக்கும்.

மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே முறையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக்கு இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. உயரம் நன்றாக இருக்கும் குழந்தைக்கும் இரத்தசோகை மூளையைப் பாதிக்கும். உயரத்தைப் பார்த்து அது தெரியாது.

காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரங்கள் உண்டு. அளவு கறுப்புக் கோட்டுக்குக் கீழே போவது, கோடு கோடாக இறங்கிக்கொண்டே வருவது, நல்ல சாப்பாடு இருந்தும் வளராமல் நிற்பது. தைராய்டு குறைவு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், வளர்ச்சி ஹார்மோன் குறைவு, பெண் குழந்தை என்றால் ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வரும் டர்னர் நோய்க்குறி ஆகியவற்றை அவர் பார்ப்பார். உயரம் எப்படி இருந்தாலும், 18 மாதமாகியும் தனியே நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டுவிட்டான் என்றால் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். காது கேட்கிறதா என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பேச்சு தாமதமான குழந்தைகளில் அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது.